லினக்ஸ் நிர்வாகப் பயிற்சி: ஐந்து நாள் வகுப்பைத் திட்டமிட்டு நடத்தும் முறை

பல லினக்ஸ் வகுப்புகளில் பயிற்சியாளர் திரையில் கட்டளை அடிப்பார், எதிரே இருப்பவர்கள் பார்த்து அதையே அடிப்பார்கள். எல்லாம் ஒழுங்காக ஓடும். ஐந்தாம் நாள் மாலை சான்றிதழும் கையில் கிடைத்துவிடும். அடுத்த வாரம் அலுவலகத்தில் ஒரு சர்வர் பூட் ஆகாமல் நின்றால் அதே ஆட்களுக்குக் கை ஓடாது. வகுப்பில் அவர்கள் பார்த்ததெல்லாம் ஓடிக்கொண்டிருந்த கணினியைத்தான். ஆனால் சர்வர் நிர்வாகியைத் தேடி ஆள் வருவது ஏதாவது நின்றுபோகும்போதுதான்.

எனவே இங்கே சொல்லும் திட்டம் பழுதுபார்ப்பதைச் சுற்றியே அமைந்தது. ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களுக்கு, ஒரு பயிற்சியாளருக்கு அதிகபட்சம் 12 பேர், நாளுக்கு 6 மணி நேரம் வீதம் 5 நாள், ஆக 30 மணி நேரம். அதில் 20 மணி நேரமாவது பயிற்சி பெறுபவரின் கை கீபோர்டில் இருக்க வேண்டும். 12 பேருக்கு மேல் போனால் ஒரு உதவிப் பயிற்சியாளர் கட்டாயம் வேண்டும். பயிற்சி நேரத்தில் ஒவ்வொருவரிடமும் போய் நின்று பார்க்க முடியாத வகுப்பு, காணொளி பார்ப்பதைவிடப் பெரிதாகப் பயன் தராது.

ஒரே ஒரு விதியை முதல் நாள் காலையிலேயே சொல்லிவிடுங்கள்: எந்தப் பயிற்சியும் ரீபூட் செய்து பார்த்த பிறகுதான் முடிந்ததாகக் கணக்கு. சர்வீஸைத் தொடங்கினேன், ஓடுகிறது என்பது பாதி வேலைதான். ரீபூட்டுக்குப் பிறகு அதுவாகவே எழுந்து ஓடினால்தான் முழு வேலை.

எந்த டிஸ்ட்ரோவில் நடத்துவது

பயிற்சிக்கு வருபவர்கள் பணியிடத்தில் எந்த டிஸ்ட்ரோவை, அதாவது எந்த லினக்ஸ் வகையை, இயக்குகிறார்களோ அதில் நடத்துங்கள். ரெட் ஹேட் குடும்பம் என்றால் ராக்கி லினக்ஸ் அல்லது அல்மா லினக்ஸ் போதும், இரண்டும் இலவசம். மற்றவர்களுக்கு டெபியன் அல்லது உபுண்டுவின் எல்டிஎஸ் (நீண்ட கால ஆதரவு) பதிப்பு. எல்டிஎஸ் பதிப்பு இரட்டைப்படை ஆண்டுகளின் ஏப்ரலில் வரும், ஐந்து ஆண்டு வழக்கமான ஆதரவு உண்டு.

பழைய பாடக் கோப்புகளை அப்படியே எடுத்து நடத்துவதில் ஒரு கண்ணி இருக்கிறது. ரெட் ஹேட் குடும்பத்தின் பழைய இலவச டிஸ்ட்ரோவான சென்ட்ஓஎஸ் லினக்ஸ் 8இன் ஆதரவு 2021 டிசம்பர் 31உடனும், 7இன் ஆதரவு 2024 ஜூன் 30உடனும் முடிந்துவிட்டது. அவற்றின் மென்பொருள் களஞ்சிய முகவரிகள் இப்போது பழைய இடத்தில் இல்லை. முதல் இன்ஸ்டால் கட்டளையிலேயே 'முகவரியைக் கண்டறிய முடியவில்லை' என்று பிழை வரும். வகுப்பு முழுவதும் இணைய இணைப்பைச் சந்தேகித்து அரை மணி நேரத்தைத் தொலைத்துவிடும். பாடக் குறிப்பில் சென்ட்ஓஎஸ் என்று எங்கே இருந்தாலும் புதிய பதிப்பில் ஒருமுறை ஓட்டிப் பார்க்காமல் வகுப்புக்குக் கொண்டுபோகாதீர்கள்.

இரண்டு குடும்பங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நடத்த வேண்டாம். தொடக்கத்தில் இருப்பவருக்கு இரண்டும் கலந்துபோகும். ஒன்றில் கை பழகட்டும். கடைசி நாளில் அரை மணி நேரம் ஒதுக்கி மற்றதன் வேறுபாடுகளைச் சொன்னால் போதும்: பேக்கேஜ் நிறுவ டிஎன்எஃப் இருக்கும் இடத்தில் ஏபிடி, ஃபயர்வாலுக்கு ஃபயர்வால்டி இருக்கும் இடத்தில் யூஎஃப்டபிள்யூ, கூடுதல் பாதுகாப்புக்கு எஸ்இலினக்ஸ் இருக்கும் இடத்தில் ஆப்ஆர்மர், நிர்வாக உரிமைக்கு 'வீல்' குழுவின் இடத்தில் 'சூடோ' குழு, கோப்புமுறையில் எக்ஸ்எஃப்எஸ் இருக்கும் இடத்தில் ஈஎக்ஸ்டி4. கருத்து பிடிபட்டவருக்கு இந்தப் பட்டியல் ஒரு பக்கம்தான்.

சேருவதற்கு முன் 15 நிமிடச் சோதனை ஒன்று வையுங்கள். ஒரு போல்டரை உருவாக்கி அதில் ஒரு கோப்பை நகலெடுப்பது, அந்தக் கோப்பில் ஒரு வரியை எடிட்டரில் மாற்றுவது, கணினியின் ஐபி முகவரியைச் சொல்வது, ஒரு சொல் எந்தக் கோப்பில் இருக்கிறது என்று தேடுவது. நான்கில் இரண்டைக்கூடச் செய்ய முடியாதவரைத் திருப்பி அனுப்ப வேண்டாம். கட்டளை வரியில் அரை நாள் பழகும் பயிற்சித்தாள் ஒன்றைக் கொடுத்து, அதை முடித்துவிட்டு வரச் சொல்லுங்கள். இதைச் செய்யாவிட்டால் வகுப்பின் வேகம் அவர் ஒருவருக்காக இறங்கும், மற்ற 11 பேரும் கைபேசியை எடுத்துவிடுவார்கள்.

லேப் அமைப்பது

வகுப்பு கெட்டுப்போவது பெரும்பாலும் பாடத்தால் இருக்காது, லேபால்தான் இருக்கும். பாடம் தயாரிக்கச் செலவிடும் நேரத்தில் பாதியையாவது லேபுக்குக் கொடுங்கள்.

ஒருவருக்கு இரண்டு மெய்நிகர் கணினிகள் (ஒரு கணினிக்குள் மென்பொருளாக ஓடும் கணினிகள்) வேண்டும். ஒன்று சர்வர், இன்னொன்று கிளையன்ட். ஒவ்வொன்றுக்கும் 2 சிபியு, 2 ஜிபி ராம், 20 ஜிபி டிஸ்க். சர்வரில் கூடுதலாக 5 ஜிபி அளவில் இரண்டு காலி டிஸ்குகளை இணைத்து வையுங்கள், மூன்றாம் நாள் எல்விஎம் (டிஸ்க் இடத்தைத் தேவைக்கேற்பப் பிரித்து வளர்க்கும் முறை) பயிற்சிக்கு அவை வேண்டும். இவற்றைத் தாங்கும் லேப்டாப்பில் 16 ஜிபி ராம் இருந்தால் சிரமம் இல்லை. 8 ஜிபியிலும் ஓடும், ஆனால் பிரவுசரைத் திறந்தவுடன் திணறும்.

கிளவுடில் கணினி வாங்கிக்கொடுப்பது எளிது என்று தோன்றும். முதல் இரண்டு நாளுக்கு அது சரிதான். பூட் பழுதுபார்க்கும் பயிற்சிக்குக் கணினியின் கன்சோல் திரை வேண்டும். கணினி எழும்போது முதலில் வரும் கிரப் மெனுவில் கை வைக்க வேண்டும். பல கிளவுட் கணினிகளில் அது கைக்கு எட்டாது. வகுப்பின் மிக முக்கியமான பகுதியே போய்விடும் என்பதால், லேப்டாப்பிலேயே மெய்நிகர் கணினி ஓட்டுவதுதான் எங்கள் பரிந்துரை.

லேப்டாப்களை வகுப்புக்கு மூன்று நாள் முன்பே சோதியுங்கள். பார்க்க வேண்டியவை இவை.

பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில்) மெய்நிகராக்க வசதி அணைந்திருக்கலாம். இன்டெலில் விடி-எக்ஸ், ஏஎம்டியில் எஸ்விஎம் என்று அதற்குப் பெயர். அணைந்திருந்தால் மெய்நிகர் கணினி தொடங்கவே தொடங்காது. அதை இயக்க பயாஸ் பாஸ்வேர்டு வேண்டியிருக்கலாம், அலுவலக லேப்டாப் என்றால் அது பயிற்சி பெறுபவரிடம் இருக்காது. முன்கூட்டியே கேட்டு வாங்கச் சொல்ல வேண்டியது இதனால்தான்.

விண்டோஸின் சொந்த மெய்நிகராக்க மென்பொருளான ஹைப்பர்-வி இயங்கிக்கொண்டிருந்தால், மெய்நிகர் கணினிகளை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் மிக மெதுவாக ஓடும். சாளரத்தின் கீழ் ஓரத்தில் பச்சை நிற ஆமைப் படம் தெரிந்தால் அதுதான் காரணம் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று ஹைப்பர்-வியை அணைக்க வேண்டும், அல்லது லேபையே ஹைப்பர்-வியில் அமைக்க வேண்டும். ஆப்பிளின் எம் வரிசைச் சிப் உள்ள மேக்புக் வந்தால் அதற்கு ஏஆர்எம் 64 வகை ஐஎஸ்ஓ (இன்ஸ்டால் செய்யும் கோப்பு) தனியாகத் தேவை. மற்றவர்களுக்குக் கொடுக்கும் எக்ஸ்86 ஐஎஸ்ஓ அதில் மெய்நிகராக்கத்தின் வழியே பூட் ஆகாது.

அடுத்தது நெட்வொர்க். விர்ச்சுவல்பாக்ஸின் இயல்பான 'நாட்' அமைப்பில் இரண்டு கணினிகளுக்கும் ஒரே 10.0.2.15 முகவரிதான் கிடைக்கும். இரண்டும் இணையத்துக்குப் போகும், ஒன்றையொன்று பார்க்காது. ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குள் நுழையும் எஸ்எஸ்எச் பயிற்சி தொடங்கும்போதுதான் இது வெளியே தெரியும், அதற்குள் வகுப்பு பாதி ஓடியிருக்கும். 'நாட் நெட்வொர்க்' என்ற தனி வகையைத் தேர்ந்தெடுங்கள். அல்லது இரண்டாவது நெட்வொர்க் அட்டையாக 'ஹோஸ்ட்-ஒன்லி' ஒன்றைச் சேர்த்துவிடுங்கள்.

ஒரு மாதிரிக் கணினியைத் தயார் செய்து குளோன் (நகல்) எடுப்பதுதான் எல்லோரும் செய்வது. எடுக்கும்போது நெட்வொர்க் அட்டையின் அடையாளமான மேக் முகவரியைப் புதிதாக உருவாக்கச் சொல்லுங்கள். அது மட்டும் போதாது. ஈடிசி போல்டரில் 'மெஷின்-ஐடி' என்ற கோப்பு இருக்கிறது. எல்லாக் குளோனிலும் அது ஒன்றாகவே இருந்தால், அதை வைத்து முகவரி கேட்கும் டிஸ்ட்ரோக்களில் மேக் முகவரி வேறாக இருந்தும் இரண்டு கணினிக்கு, முகவரி வழங்கும் டிஎச்சிபி ஒரே ஐபியைக் கொடுத்துவிடும். குளோன் எடுக்கும் முன் அந்தக் கோப்பை நீக்காமல் உள்ளே இருப்பதை மட்டும் காலி செய்யுங்கள், அடுத்த பூட்டில் புதிய எண் தானாக எழுதப்படும். எஸ்எஸ்எச் ஹோஸ்ட் சாவிகளையும் நீக்குங்கள். ரெட் ஹேட் குடும்பத்தில் அவை தாமாகவே மீண்டும் உருவாகும். டெபியன் வகையில் உருவாகாமல் போகலாம் என்பதால் 'எஸ்எஸ்எச்-கீஜென் -ஏ' (பெரிய 'ஏ') கட்டளையை ஒருமுறை ஓட்டுங்கள்.

12 பேர், ஆளுக்கு இரண்டு கணினி, ஒவ்வொன்றிலும் 300 எம்பி அப்டேட் என்றால் ஒரே நேரத்தில் 7 ஜிபிக்கு மேல் இறங்கும். வகுப்பறை வைஃபை அதைத் தாங்காது. தேவைப்படும் பேக்கேஜ்களை மாதிரிக் கணினியிலேயே முன்கூட்டி இறக்கி வையுங்கள், அல்லது பயிற்சியாளர் லேப்டாப்பில் ஒரு உள்ளூர்க் களஞ்சியம் வையுங்கள். இரண்டாவது முறைக்கு இன்னொரு பலன் உண்டு: புதிய களஞ்சியத்தைச் சேர்ப்பது எப்படி என்ற பாடத்தையும் அதிலேயே நடத்தலாம்.

எல்லாம் முடிந்ததும் கணினியை முழுமையாக அணைத்துவிட்டு ஸ்னாப்ஷாட் (பிறகு திரும்பிவரக்கூடிய நிலைப்பதிவு) எடுங்கள். ஓடும் நிலையில் எடுத்த ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பினால் கடிகாரம் பழைய நேரத்திலேயே நிற்கலாம். அப்போது 'வெளியீட்டுக் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை' என்று ஏபிடி மறுக்கும், எச்டிடிபிஎஸ் சான்றிதழ்களும் பிழை காட்டும். நேரத்தைச் சரிசெய்தால் இரண்டும் ஓடிவிடும், ஆனால் அந்தப் பிழைச் செய்தியைப் பார்த்து யாருக்கும் முதலில் கடிகாரம் நினைவுக்கு வராது.

நாட்களைப் பிரிப்பது

முதல் நாள் கட்டளை வரி, கோப்புகள், அனுமதிகள். அன்று முழுவதும் இணையத்தை அணைத்துவிடுங்கள். உதவிக்கு 'மேன்' பக்கமும் '--ஹெல்ப்' விருப்பமும் மட்டும். இது கடுமையாகத் தெரியலாம். ஆனால் பல இடங்களில் சர்வர் இணையத்தோடு இணைந்திருக்காது, செய்முறைச் சான்றிதழ்த் தேர்வுகளிலும் இணையத் தேடல் கிடையாது. கணினிக்குள்ளேயே இருக்கும் கையேட்டைத் தேடிப் படிக்கப் பழகியவர் அதன் பிறகு எந்தப் புதிய கட்டளைக்கும் பயப்பட மாட்டார்.

அனுமதிகளுக்கு அன்று இரண்டு மணி நேரம் கொடுங்கள். அனுமதிகளைக் குறிக்கும் 644, 755 என்ற எண்களை மனப்பாடம் செய்ய வைப்பதில் பயன் இல்லை. இதைச் செய்யச் சொல்லுங்கள்: சாதாரணப் பயனர் ஒருவரின் வீட்டுப் போல்டருக்குள் எல்லா உரிமையும் உள்ள ரூட் பயனராக ஒரு கோப்பை உருவாக்கி அனுமதியை 600 (உரிமையாளர் மட்டும் படிக்கலாம், எழுதலாம்) ஆக்கட்டும். பிறகு அந்தச் சாதாரணப் பயனராகவே அதைத் திறந்து பார்க்கட்டும். முடியாது. அதையே அழிக்கட்டும். ஒரு கேள்வி கேட்டுவிட்டு அழிந்துவிடும். வகுப்பு ஒரு நிமிடம் அமைதியாகிவிடும். கோப்பை அழிப்பது என்பது போல்டரில் இருக்கும் ஒரு பதிவை நீக்குவது, எனவே போல்டரின் எழுதும் அனுமதிதான் அதைத் தீர்மானிக்கிறது. இது புரிந்தால் டெம்ப் போல்டருக்கு ஏன் மற்றவர் கோப்பை அழிக்கவிடாத ஸ்டிக்கி பிட்டோடு 1777 இருக்கிறது, குழுவாக வேலை செய்யும் போல்டருக்கு ஏன் 2770 வைக்கிறோம் என்பதெல்லாம் தாமாகவே விளங்கும்.

இரண்டாம் நாள் பயனர்கள், சூடோ (ரூட் உரிமையில் கட்டளை ஓட்டுவது), எஸ்எஸ்எச், சர்வீஸ்கள், லாக் (நிகழ்வுப் பதிவு). பயனரைக் குழுவில் சேர்க்கும் 'யூசர்மோட் -ஏஜி' கட்டளையில் சிறிய 'ஏ'யை விட்டுவிட்டால் அவர் ஏற்கெனவே இருந்த மற்ற துணைக் குழுக்களிலிருந்தெல்லாம் நீக்கப்படுவார். 'வீல்' குழுவும் அதில் போய்விட்டால் சூடோ உரிமையும் போய்விடும். குழுவில் சேர்த்த பிறகு வெளியேறி மீண்டும் உள்ளே வந்தால்தான் அது நடைமுறைக்கு வரும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். குறித்த நேரத்தில் தானாக ஓடும் கிரான் வேலைகளுக்கு இதே நாளில் அரை மணி நேரம் போதும். கையால் ஓட்டினால் ஓடும் ஸ்கிரிப்ட் கிரானில் ஓடாமல் போனால் முதலில், கட்டளைகளைத் தேடும் இடங்களின் பட்டியலான 'பாத்' மாறியைப் பார்க்க வேண்டும், கிரானுக்கு அது மிகச் சுருக்கமாகவே கிடைக்கும். கிரான் வரியில் சதவீதக் குறி வந்தால் அது புதிய வரியாக எடுத்துக்கொள்ளப்படும், முன்னால் ஒரு பின்சாய்வுக் கோடு வேண்டும்.

மூன்றாம் நாள் முழுவதும் டிஸ்க்: பார்ட்டிஷன், எல்விஎம், கோப்புமுறை, மவுன்ட் (டிஸ்கை ஒரு போல்டரில் இணைப்பது). எல்விஎம்மில் அளவைக் கூட்டிவிட்டு, டிஸ்க் இடத்தைக் காட்டும் 'டிஎஃப்' பார்த்தால் பழைய அளவே தெரிகிறது என்று பாதிப் பேர் கை தூக்குவார்கள். லாஜிக்கல் வால்யூம் வளர்ந்தது, அதன் மேல் இருக்கும் கோப்புமுறை வளரவில்லை. 'எல்விஎக்ஸ்டெண்ட்' கட்டளையோடு '-ஆர்' சேர்த்தால் இரண்டும் ஒன்றாக வளரும். குறைப்பது வேறு கதை. எக்ஸ்எஃப்எஸ் கோப்புமுறையைச் சுருக்க வழியே கிடையாது. அதன் அடியில் இருக்கும் வால்யூமைக் குறைத்தால் தரவு போய்விடும். இதைச் சொல்லிவிட்டு நகராதீர்கள், லேபிலேயே ஒருமுறை குறைத்துத் தரவு போவதைப் பார்க்கட்டும்.

நான்காம் நாள் நெட்வொர்க், ஃபயர்வால், எஸ்இலினக்ஸ், ஒரு வெப் சர்வர். ஐந்தாம் நாள் காலை பூட் பழுது, மதியம் தேர்வு.

பழுதுப் பயிற்சிகள்

முதல் நான்கு நாளும் கடைசி 75 நிமிடம் இதற்கு. பழுதை உண்டாக்கும் ஸ்கிரிப்டைப் பயிற்சியாளர் முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும். ஓட்டியவுடன் கணினியில் ஏதோ ஒன்று கெடும். பயிற்சி பெறுபவரிடம் பயனர் சொல்வதைப் போல அறிகுறியை மட்டும் சொல்லுங்கள்: 'இணையப் பக்கம் திறக்கவில்லை', 'லாகின் ஆக முடியவில்லை', 'சர்வர் எழுந்திருக்கவே இல்லை'. காரணத்தின் திசையைக்கூடக் காட்ட வேண்டாம். 15 நிமிடம் திணறிய பிறகு ஒரு குறிப்பு, 25 நிமிடத்துக்குப் பிறகு இன்னொன்று.

நிரம்பிய டிஸ்க். ஒரு சிறு நிரல் பெரிய லாக் கோப்பைத் திறந்து எழுதிக்கொண்டே இருக்கும், ஸ்கிரிப்ட் அந்தக் கோப்பை அழித்துவிடும். 'டிஎஃப்' 100 சதவீதம் என்கிறது, கோப்புகளின் அளவை 'டியு' கொண்டு கூட்டினால் அவ்வளவு வரவில்லை. கோப்பின் பெயர் போய்விட்டாலும் ஒரு நிரல் அதைத் திறந்து வைத்திருக்கும்வரை இடம் விடுபடாது. 'எல்எஸ்ஓஎஃப்' கட்டளையை '+எல்1' விருப்பத்தோடு ஓட்டினால் அழிக்கப்பட்டும் திறந்திருக்கும் கோப்பும் அதைப் பிடித்திருக்கும் நிரலும் தெரியும். அந்த நிரலை ரீஸ்டார்ட் செய்தால் இடம் திரும்பிவிடும். இதன் தொடர்ச்சியாக இன்னொன்று: இடம் இருக்கிறது, ஆனால் புதிய கோப்பு உருவாகவில்லை. பல லட்சம் சிறு கோப்புகளால், கோப்புக்கு ஒன்று வீதம் வேண்டிய ஐநோடு தீர்ந்திருக்கும், 'டிஎஃப் -ஐ' பார்த்தால் தெரியும். ஈஎக்ஸ்டி4இல் இயல்பாக 5 சதவீத இடம் ரூட்டுக்காக ஒதுக்கப்பட்டிருக்கும். சாதாரணப் பயனருக்கு இடம் இல்லை என்று வரும்போது ரூட்டுக்கு எழுத முடிவது இதனால்தான்.

எஸ்எஸ்எச் சாவி ஏற்கப்படவில்லை. ஸ்கிரிப்ட் செய்வது ஒரே ஒரு வேலை: பயனரின் வீட்டுப் போல்டருக்குக் குழு எழுதும் அனுமதியைக் கொடுத்துவிடும். சாவி சரியாக இருக்கிறது, கோப்பும் சரியான இடத்தில் இருக்கிறது, ஆனாலும் பாஸ்வேர்டு கேட்கிறது. கிளையன்ட் பக்கம் எத்தனை முறை பார்த்தாலும் காரணம் தெரியாது. சர்வரின் லாகில் மட்டும் போல்டரின் உரிமையோ அனுமதியோ சரியில்லை என்று ஒரு வரி இருக்கும். இந்தப் பழுதின் நோக்கமே அந்த வரியைப் போய்ப் பார்க்க வைப்பதுதான். எஸ்எஸ்எச் அமைப்பை மாற்றும்போதெல்லாம் இரண்டு பழக்கங்களை இங்கே ஊன்றுங்கள்: ரீஸ்டார்ட் செய்யும் முன் 'எஸ்எஸ்எச்டி -டி' (சிறிய t) கொண்டு கோப்பைச் சரிபார்ப்பது, சரியாகும்வரை இன்னொரு இணைப்பைத் திறந்தே வைத்திருப்பது.

வெப் பக்கம் 403 (அனுமதி மறுப்பு) பிழை காட்டுகிறது. அனுமதி 644, உரிமையாளர் சரி, சர்வீஸ் ஓடுகிறது, ஃபயர்வாலும் திறந்திருக்கிறது. பக்கத்தை வீட்டுப் போல்டரில் உருவாக்கி 'எம்வி' கொண்டு நகர்த்தியதுதான் பழுது. 'எம்வி' பழைய எஸ்இலினக்ஸ் லேபிளை (கோப்பை எந்த நிரல் தொடலாம் என்று தீர்மானிக்கும் குறி) கூடவே எடுத்துவரும், 'சிபி' கொண்டு நகலெடுத்திருந்தால் புதிய இடத்தின் லேபிள் வந்திருக்கும். 'எல்எஸ் -இசட்' காட்டிக்கொடுக்கும், 'ரிஸ்டோர்கான்' சரிசெய்யும். இங்கே எஸ்இலினக்ஸையே அணைத்துவிட்டு 'சரியாகிவிட்டது' என்று சொல்பவர் ஒவ்வொரு வகுப்பிலும் இருப்பார். காரணம் எங்கே என்று அறிய ஒரு நிமிடம், தடுக்காமல் பதிவு மட்டும் செய்யும் பெர்மிஸிவ் நிலைக்கு மாற்றுவதில் தவறில்லை. அதையே தீர்வாக ஏற்கவே ஏற்காதீர்கள், மதிப்பெண் சுழியம்தான். நிஜ சர்வரில் அப்படிச் செய்தால் ஒரு வெப் பக்கத்துக்காக மொத்தக் கணினியின் காவலும் போகிறது.

ஃபயர்வால் பழுதுக்கு ஸ்கிரிப்ட்கூட வேண்டாம். 'பெர்மனென்ட்' சேர்க்காமல் திறந்த போர்ட் ரீபூட்டில் மூடிக்கொள்ளும். சேர்த்துவிட்டு ரீலோட் செய்யாமல் விட்டால் இப்போது திறந்திருக்காது. ரீபூட் விதியை நீங்கள் கைவிடாமல் இருந்தால் இது தானாகவே வெளியே வரும்.

எந்த டிஸ்கை எங்கே மவுன்ட் செய்வது என்று பூட்டின்போது சொல்லும் எஃப்எஸ்டாப் கோப்பின் பழுதுதான் எல்லாவற்றிலும் அதிகம் கற்றுத்தருவது. இல்லாத ஒரு யூயூஐடியை (டிஸ்கின் தனி அடையாள எண்) கொண்ட வரி ஒன்றைச் சேர்த்து ரீபூட் செய்யுங்கள். திரையில் ஒரு டிஸ்குக்காகக் காத்திருப்பதாக ஒரு வரி வரும், ஓரத்தில் நொடிகள் ஓடி 1 நிமிடம் 30 நொடி வரை போகும். பிறகு எமர்ஜென்சி நிலையில் நின்று ரூட் பாஸ்வேர்டு கேட்கும். உள்ளே போய், ரூட் கோப்புமுறை படிக்க மட்டும் என்றிருந்தால் எழுதும் நிலைக்கு ரீமவுன்ட் செய்து, அந்த வரியைத் திருத்தி, ரீபூட் செய்ய வேண்டும். உபுண்டுவில் ரூட் கணக்கு இயல்பாகவே பூட்டியிருக்கும். எனவே கன்சோலைத் திறக்க முடியாது என்று சொல்லிவிடும், கிரப் வழியாகத்தான் போக வேண்டும்.

இந்தப் பழுதை ஒருமுறை கையால் சரிசெய்தவர்கள் அதன் பிறகு எஃப்எஸ்டாப்பைத் தொட்டால் 'ஃபைண்ட்எம்என்டி --வெரிஃபை', 'மவுன்ட் -ஏ' இரண்டையும் ஓட்டாமல் ரீபூட் செய்ய மாட்டார்கள். எஸ்டிபி, எஸ்டிசி என்ற பெயர்கள் டிஸ்க் கண்டறியப்படும் வரிசையைப் பொறுத்து மாறலாம் என்பதால் யூயூஐடியே எழுதுங்கள். பூட்டுக்கு அவசியம் இல்லாத டிஸ்குக்கு, அது இல்லாவிட்டாலும் பூட்டை நிறுத்தாத 'நோஃபெயில்' சேர்க்கலாம் என்பதையும் இங்கே சொல்லிவிடுங்கள்.

ரூட் பாஸ்வேர்டு தெரியாத கணினி. கிரப் மெனுவில் 'இ' அழுத்தி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் முடிவில் 'ஆர்டி.பிரேக்' சேர்த்து, கன்ட்ரோல்-எக்ஸ். பிறகு 'சிஸ்ரூட்' போல்டரை எழுதும் நிலைக்கு ரீமவுன்ட், அதற்குள் 'சிஎச்ரூட்', புதிய பாஸ்வேர்டு, கடைசியாக ரூட் போல்டரில் '.ஆட்டோரீலேபல்' என்ற காலிக் கோப்பு, இரண்டு முறை எக்ஸிட். சில பதிப்புகளில் 'ஆர்டி.பிரேக்'கே ரூட் பாஸ்வேர்டைக் கேட்கும், அங்கே கெர்னல் வரியில் 'இனிட்'டாக (முதலில் ஓடும் நிரலாக) பேஷ் ஷெல்லைக் கொடுக்க வேண்டும். தவறு நடப்பது பெரும்பாலும் கடைசிப் படியில். காலிக் கோப்பை உருவாக்க மறந்தால், பாஸ்வேர்டுகள் இருக்கும் 'ஷேடோ' கோப்பின் எஸ்இலினக்ஸ் லேபிள் தவறாகி, சரியான பாஸ்வேர்டைக் கொடுத்தாலும் உள்ளே விடாது. மறந்தவரிடம் காரணத்தைச் சொல்லிவிடாதீர்கள். மீண்டும் முதலிலிருந்து செய்யட்டும்.

வகுப்பறையில் கவனிக்க வேண்டியவை

பிடிஎஃபிலிருந்து கட்டளையை நகலெடுத்து ஒட்டுவதை முதல் நாளே தடுத்துவிடுங்கள். ஆவணத்தில் சாதாரண ஹைஃபன் நீளமான கோடாகவும், நேர் மேற்கோள்கள் வளைந்த மேற்கோள்களாகவும் மாறியிருக்கும். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது, ஷெல்லுக்குத் தெரியும். கட்டளை சரியாக இருக்கிறது, ஆனால் ஓடவில்லை என்று குழம்பிப்போவார்கள். பாடக் குறிப்பை வெறும் உரைக் கோப்பாகவே கொடுங்கள், அதையும் கையால் அடிக்கச் சொல்லுங்கள்.

யாருடைய கீபோர்டையும் பயிற்சியாளர் தொடக் கூடாது. அவசரத்தில் கை போகும், அடக்கிக்கொள்ள வேண்டும். 'லாகில் என்ன இருக்கிறது?' என்று கேட்பதுதான் உங்கள் உதவி. 'எங்கே பார்க்கணும் சார்?' என்று திருப்பிக் கேட்டால் எந்தச் சர்வீஸ் என்று முதலில் அவரையே சொல்ல வையுங்கள், பிறகு லாகைக் காட்டும் 'ஜர்னல்சிடிஎல் -யு' கட்டளையோடு அந்தச் சர்வீஸின் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

சீக்கிரம் முடிப்பவர்களைச் சும்மா உட்கார வைக்காதீர்கள். பக்கத்தில் இருப்பவருக்கு உதவச் சொல்வதும் எப்போதும் நல்லதல்ல, விடையைச் சொல்லிவிடுவார்கள். அவர்களையே ஒரு புதிய பழுது ஸ்கிரிப்ட் எழுதச் சொல்லுங்கள். கெடுக்கத் தெரிய வேண்டும் என்றால் உள்ளே எப்படி ஓடுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். நல்ல ஸ்கிரிப்ட் கிடைத்தால் அடுத்த வகுப்புக்கும் உங்களுக்குப் பயன்படும்.

ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்புவதற்கு அனுமதி கேட்க வேண்டும் என்று விதி வையுங்கள். கணினி குழம்பியவுடன் பழைய நிலைக்குத் தாவிவிட்டால் பழுதுபார்ப்பதைக் கற்கும் வாய்ப்பே போய்விடும்.

தேர்வும் சான்றிதழும்

தேர்வு முழுக்க முழுக்கச் செய்முறை. இரண்டு மணி நேரம், 12 வேலைகள், அவற்றில் இரண்டு பழுதுகள். விடைத்தாள் கிடையாது, கணினியின் இறுதி நிலைதான் விடை. நேரம் முடிந்ததும் எல்லாக் கணினிகளையும் ரீபூட் செய்து, அதன் பிறகே மதிப்பெண் ஸ்கிரிப்டை ஓட்டுங்கள். எந்த வழியில் செய்தார் என்பதை ஸ்கிரிப்ட் பார்க்கக் கூடாது, முடிவை மட்டும் பார்க்க வேண்டும். எஃப்எஸ்டாப்பில் குறிப்பிட்ட வரி இருக்கிறதா என்று தேடுவதைவிட அந்த இடத்தில் டிஸ்க் மவுன்ட் ஆகியிருக்கிறதா என்று சோதியுங்கள். சிலர் சர்வீஸ்களை நடத்தும் சிஸ்டம்டியில் மவுன்ட் யூனிட் எழுதியிருப்பார்கள், அதுவும் சரியான விடைதான். பூட் ஆகாத கணினிக்கு மொத்த மதிப்பெண்ணும் போய்விடும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வெளிச் சான்றிதழை நோக்கிப் போகிறவர்களுக்கு வழி காட்ட வேண்டியிருக்கும். ரெட் ஹேட்டின் ஆர்எச்சிஎஸ்ஏ, ஈஎக்ஸ்200 என்ற எண் கொண்டது, முழுச் செய்முறைத் தேர்வு. 300க்கு 210 எடுக்க வேண்டும், அமைப்புகள் ரீபூட்டுக்குப் பிறகும் நிற்க வேண்டும், சான்றிதழ் மூன்று ஆண்டு செல்லும். லினக்ஸ் ஃபவுண்டேஷனின் எல்எஃப்சிஎஸ் தேர்வும் செய்முறைதான், இணையவழியில் 2 மணி நேரம். எல்பிஐசி-1 வேறு வகை: 101, 102 என இரண்டு தேர்வுகள், ஒவ்வொன்றிலும் 90 நிமிடத்தில் 60 கேள்விகள், ஐந்து ஆண்டு செல்லுபடி. சர்வரில் நேரடியாக வேலை செய்பவருக்கு முதல் இரண்டில் ஒன்றைத்தான் நாங்கள் சொல்வோம். பாடத்திட்டத்தின் அகலத்தை முழுமையாகப் பார்க்க விரும்புபவருக்கு எல்பிஐயின் பாடப் பட்டியல் நல்ல வழிகாட்டி, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஐந்து நாள் வகுப்பு மட்டும் எந்தத் தேர்வுக்கும் போதாது. அதன் பிறகு நாளுக்கு ஒரு மணி நேரம் வீதம் ஆறு முதல் எட்டு வாரம் லேபில் உட்கார வேண்டும்.

அதற்கு லேப் அவர்கள் கையில் இருக்க வேண்டும். வகுப்பு முடியும் நாளில் மாதிரிக் கணினி முழுவதும் அடங்கிய ஓவிஏ கோப்பு, பழுது ஸ்கிரிப்டுகள், மதிப்பெண் ஸ்கிரிப்ட் மூன்றையும் பென் டிரைவில் போட்டுக் கொடுத்துவிடுங்கள். பென் டிரைவை எக்ஸ்ஃபாட்டில் ஃபார்மேட் செய்யுங்கள், ஃபாட்32இல் 4 ஜிபியைத் தாண்டும் கோப்பு ஏறாது. நான்காவது வாரத்தில் அவர்கள் இதுவரை பார்க்காத பழுது ஸ்கிரிப்ட் ஒன்றை அனுப்புங்கள். சரிசெய்துவிட்டு எந்த லாக் வரியிலிருந்து காரணத்தைப் பிடித்தார்கள் என்பதை மட்டும் எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.